புயலுக்கு முந்தி எடுத்த போட்டோவ வித்து ஊருக்கு பணம் சேக்கறது எப்படி

2018 நவம்பர் 16 விடியகாலைல கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறுச்சு. எனக்கு அம்மாச்சி ஊரு பேராவூரணி பக்கம், நான் இருந்தது சென்னைல. மூணு நாளா ஒருத்தருக்கும் போன் போகல, நாலாவது நாள் மாமா லைன்ல கெடச்சு சொன்ன முத வார்த்தை "தோப்பு பூரா படுத்துருச்சுப்பா". என்கிட்ட பெருசா காசு இல்ல, ஆனா ஹார்ட் டிஸ்க்ல பத்து வருஷமா லீவுக்கு போறப்பல்லாம் எடுத்த போட்டோ கெடந்துச்சு, அத பிரிண்ட் போட்டு வித்துத்தான் தென்னங்கன்னுக்கு பணம் சேத்தோம். அதுக்கப்புறம் வெள்ளம் புயல்னு எது வந்தாலும் யாராவது ஒருத்தர் எப்படி பண்ணீங்கன்னு கேக்கறாங்க, அதான் எல்லாத்தயும் ஒரே எடத்துல எழுதிடறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க, போட்டோ வித்து வர்ற பணம் மெதுவாத்தான் வரும். ஆர்டர் எடுத்து லேப்ல குடுத்து பேக் பண்ணி போஸ்ட் பண்றதுக்குள்ள மூணு வாரம் ஓடிடும். புயல் அடிச்ச மறுநாள் வேண்டியது தார்ப்பாய், மெழுகுவத்தி, குடிதண்ணி, ஜெனரேட்டருக்கு டீசல், அதுக்கு கைல இருக்கறத உடனே அனுப்பிடுங்க, போட்டோ விக்கட்டும்னு காத்திருக்காதீங்க. போட்டோ பணம் அதுக்கு அடுத்த கட்டத்துக்கு. டிவிக்காரங்க வேன எடுத்துட்டு கெளம்பினதுக்கு அப்புறம்தான் விழுந்த மரத்த அறுத்து அப்புறப்படுத்தறது, வேர்க்கட்டைய தோண்டி எடுக்கறது, கன்னு வாங்கி வைக்கறதுன்னு நெசமான செலவே ஆரம்பிக்குது, நெட்டை ரகம் வச்சா காய்ப்புக்கு வர அஞ்சாறு வருஷம் ஆகும், அதுவரைக்கும் அந்த தோப்புல இருந்து ஒத்த பைசா வராது. அந்த நேரத்துல எல்லாரும் மறந்துருப்பாங்க, உங்க பணம் அப்ப போய் சேந்தா அதுக்கு மதிப்பே தனி. அதனால "புயல் நிவாரணத்துக்கு"ன்னு பொத்தாம்பொதுவா போடாம எந்த ஊரு, என்ன வேலைன்னு ஒரே வரில எழுதுங்க. "எங்க ஊர்ல தோப்பு போனவங்களுக்கு தென்னங்கன்னு" அப்படின்னு நான் எழுதினேன், படிச்ச ஒருத்தரும் எதுக்கு இந்தப் பணம்னு திரும்ப கேக்கல.

எந்த போட்டோவ விக்கறதுங்கறதுலதான் நான் ரொம்ப கண்டிப்பா இருப்பேன். இடிஞ்ச வீடு, அழுற ஆளு, தண்ணில நிக்கற கொழந்த, இதெல்லாம் வேணவே வேணாம். ஒருத்தரோட கஷ்டத்த ஃபிரேம் போட்டு இன்னொருத்தர் வீட்டு ஹால்ல மாட்டறதுக்கு நாம யாரு? அந்த மண்ணு நல்லா இருந்தப்ப எப்படி இருந்துச்சோ அத குடுங்க. நான் எடுத்து வச்சது ஏழே ஏழு படம், வேதாரண்யம் உப்பளத்துல காலைல பாத்தி பாத்தியா வெயில் விழறது, கோடியக்கரைல பூநாரைக் கூட்டம், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு ஓரமா போற படகு, மத்ததெல்லாம் தென்னந்தோப்பு. அதுல அதிகமா போனது எதுன்னா நான் அழகா இருக்குன்னு நெனச்ச பூநாரை இல்ல, எங்க அம்மாச்சி தோப்பு மோட்டார் ரூம்தான். சிமெண்ட் தொட்டி, அது விளிம்புல கழட்டி வச்ச ஒரு செருப்பு, பின்னாடி மட்டைய அடுக்கி வச்சிருக்காங்க, ஓலை இடுக்குல இருந்து தண்ணி மேல வட்ட வட்டமா வெயில், அவ்வளவுதான் படம். சிங்கப்பூர்ல வேலை பாக்கற எங்க பக்கத்து ஊரு அண்ணன் ஒருத்தர் அத பாத்துட்டு "தம்பி இது எங்க தோப்பு மாதிரியே இருக்கு, அந்த தொட்டிலதான் நான் நீச்சல் கத்துக்கிட்டேன்"னு சொல்லி நாலு காப்பி வாங்கினாரு. அதனால போட்டோகிராபர் கண்ணால மட்டும் பாக்காதீங்க, அந்த ஊர்ல பொறந்து வெளிய போனவங்க எத பாத்தா நிப்பாங்கன்னு யோசிங்க. அஞ்சுல இருந்து எட்டு படம் போதும், முப்பது படத்த போட்டா பாக்கறவங்க அப்புறம் சொல்றேன்னு போயிடுவாங்க.

படம் உங்களோடதா இருக்கணும், இது முக்கியம். காசு வாங்கிட்டு எடுத்துக் குடுத்த கல்யாண போட்டோ மாதிரி எதாவது இருந்தா, வேற மாதிரி பேசிக்கலைன்னா 1957 காப்புரிமை சட்டப்படி அது எடுக்கச் சொன்னவங்களுக்குத்தான் சொந்தம், உங்களுக்கு இல்ல. முகம் தெரியற மாதிரி யாராவது இருந்தா அவங்ககிட்ட கேட்டுட்டு போடுங்க, மரம் ஏறற ஐயா ஒருத்தர் படம் என்கிட்ட இருந்துச்சு, மாமாவ நேர்ல போய் கேக்கச் சொன்னேன், "போட்டுக்கட்டும், எனக்கு ஒண்ணு குடுக்கச் சொல்லு"ன்னாரு, முத பிரிண்ட் அவருக்குத்தான் போச்சு.

அடுத்து ஃபைல். வாட்ஸ்அப்ல போட்டோவா வந்தது சுருங்கிப் போயிருக்கும், அத வச்சு பெருசா பிரிண்ட் போட்டா மங்கலா வரும், அதனால ஒரிஜினல தேடி எடுங்க, அடுத்தவங்க போன்ல இருந்தா டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க. 8க்கு 12 இஞ்சு பிரிண்ட்டுக்கு 2400க்கு 3600 பிக்சல் இருந்தா பக்காவா வரும். 12க்கு 18 இஞ்சுக்கும் அதே ஃபைல் ஓரளவு தாங்கும், சுவத்துல மாட்டி தள்ளி நின்னு பாக்கறதுக்கு ஒண்ணும் தெரியாது. இன்னொண்ணு, போன் போட்டோவோட நீள அகல விகிதம் வேற, இந்த பிரிண்ட் சைஸோட விகிதம் வேற, போன படுக்க வச்சு எடுத்த படத்த அப்படியே லேப்ல குடுத்தா மேலயும் கீழயும் வெட்டிடுவாங்க, தென்னமரத்துக்கு தலையே இருக்காது. நீங்களே கிராப் பண்ணி குடுத்துடுங்க.

நான் பண்ண பெரிய தப்பு, சாம்பிள் பாக்காம முப்பது காப்பி போட்டது. லேப்டாப் ஸ்கிரீன் வெளிச்சத்த ஃபுல்லா வச்சு எடிட் பண்ணிருந்தேன், உப்பளம் படம் பிரிண்ட்ல சாயங்காலம் எடுத்த மாதிரி இருண்டு வந்துச்சு, அத்தனையும் என் சொந்த காசுல திரும்ப போட்டேன். ஸ்கிரீன் வெளிச்சத்த பாதிக்கு கொறச்சு வச்சு பாருங்க, ஒவ்வொரு படத்துலயும் 4க்கு 6 சைஸ்ல ஒண்ணு போட்டு பகல் வெளிச்சத்துல பாத்துட்டு அப்புறம் ஆர்டர் குடுங்க. பேப்பர் மேட் (பளபளப்பு இல்லாதது) நல்லது, பளபளன்னு இருக்கற கிளாஸி பேப்பர்ல வெரல் ரேகை அப்படியே தெரியும்.

வெலைக்கு வர்றேன். எனக்கு அப்ப 12க்கு 18 ஒரு பிரிண்ட்டுக்கு லேப், பேக் பண்ற அட்டை ட்யூப், ஸ்பீட் போஸ்ட் எல்லாம் சேத்து 225 ரூபா அடக்கம் ஆச்சு, நான் வச்ச வெல 700. "700ல 225 செலவு, 475 கன்னுக்கு"ன்னு அப்படியே எழுதிப் போட்டேன். நூறு சதவீதமும் நிவாரணத்துக்குன்னு சொல்லணும்னா செலவ உங்க கைல இருந்து போட முடிஞ்சா மட்டும் சொல்லுங்க. ஆர்டருக்கு பத்து நாள் கெடு வச்சு அதோட மூடிடுங்க, வந்த ஆர்டர் அளவுக்கு மட்டும் பிரிண்ட் போடுங்க, மிச்சம் நின்னுச்சுன்னா அது சேத்த பணத்ததான் திங்கும்.

பணம் எப்படி போகணும்ங்கறதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு உங்க அக்கவுண்ட்ல வாங்கி அப்புறம் அனுப்பறது, அப்படின்னா சம்பளம் வர்ற அக்கவுண்ட்ல கலக்காம தனியா ஒண்ணு வைங்க, வரவு செலவு ஷீட்ட வாங்கின எல்லாருக்கும் பாக்கறதுக்கு குடுங்க, பேர எடுத்துட்டு ஆர்டர் நம்பர் மட்டும் போதும். இன்னொரு வழி எனக்கு ரொம்ப புடிச்சது, வாங்கறவங்களே முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கோ நம்பிக்கையான ஒரு தொண்டு நிறுவனத்துக்கோ நேரா பணம் கட்டிட்டு ரசீத உங்களுக்கு அனுப்பட்டும், நீங்க படத்த அனுப்பிடுங்க, பணம் உங்க கைக்கே வராது. இதுல ரசீது அவங்க பேர்லயே இருக்கும், பழைய வரி முறைல இருக்கறவங்க நன்கொடைக்கான வருமான வரி கழிவு (80ஜின்னு சொல்வாங்க) பத்தி ஆடிட்டர்கிட்ட கேட்டுக்கலாம். உங்ககிட்ட காசு குடுத்து படம் வாங்கினா அது வெறும் வெலதான், அதுக்கு இந்த கழிவு கெடையாது, இத முன்னாடியே சொல்லிடுங்க. வெளிநாட்டு நன்கொடைக்கு எஃப்சிஆர்ஏன்னு தனி சட்டம் இருக்கு, வெளிநாட்டு குடியுரிமை இருக்கறவங்க நன்கொடைன்னு அனுப்பறேன்னு சொன்னா உங்க அக்கவுண்ட்ல வாங்காம, எஃப்சிஆர்ஏ பதிவு இருக்கற நிறுவனத்துக்கு நேரா அனுப்பச் சொல்லுங்க.

பேக்கிங்குக்கு கெட்டியான அட்டை ட்யூப், உள்ள பட்டர் பேப்பர் சுத்தி, ரெண்டு பக்கமும் மூடிக்கு டேப். முதல்ல கவர்ல வச்சு அனுப்பினேன், ரெண்டு மடங்கிப் போச்சு. பின்னாடி பால்பாயிண்ட் பேனாவால எழுதாதீங்க, அழுத்தம் முன்பக்கம் தெரியும். சின்ன ஸ்டிக்கர்ல எந்த எடம், எந்த மாசம், எந்த வருஷம்னு எழுதி ஒட்டுங்க. இத விட்டுடாதீங்க, வாங்கினவங்க பாதி பேரு எனக்கு திரும்ப பேசினது அந்த ஸ்டிக்கர பாத்துட்டுத்தான்.

கடைசில ஊருக்குன்னு ஒரு செட்டு தனியா போட்டு வைங்க, காசு வாங்காம. அங்க நெறய வீட்ல ஓடு பறந்து மழை உள்ள எறங்கி ஆல்பமெல்லாம் ஊறிப் போச்சு. கன்னு குடுக்க போனப்ப நான் அந்த ஏழு படத்தயும் எடுத்துட்டு போனேன், அம்மாச்சி மோட்டார் ரூம் படத்த வாங்கி கண்ணு பக்கத்துல வச்சு பாத்துட்டு, "இந்த செருப்பு ஒங்க தாத்தாவோடதுடா"ன்னு சொல்லுச்சு.