தோப்பு வைக்கும் முன் மே மாதக் கிணற்றைப் பாருங்கள்

வறண்ட நிலத்தில் தோப்பு வைப்பதானால், மே மாதக் கடைசியில் பக்கத்துக் கிணற்றில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குங்கள். தரையிலிருந்து நனையாத கயிறு எத்தனை அடி என்று அளந்துவிட்டு, அப்புறம் கன்று வாங்குங்கள். கார்த்திகையில் ததும்பும் கிணறு ஏமாற்றிவிடும்; மரம் தாக்குப்பிடிக்க வேண்டியது கோடையில்தான். காற்று சூடாகச் சூடாக இலை வழியே அதிக நீரை உறிஞ்சும். சீனாவின் வடக்கே பாலைவனம் பரவாமல் தடுக்க மரம் நடும் பசுஞ்சுவர்த் திட்டம் 1978-இல் தொடங்கியது; அதில் நட்ட பாப்லர் மரங்கள் பல இடங்களில், நிலத்தடி நீர் இறங்கியதும் நுனியிலிருந்தே காய்ந்து வந்தன.

கிணற்று நீர்மட்டம் ஆழமென்றால் வேம்பு, வன்னி என்று தாராள இடைவெளி விட்டு நடுங்கள். நெருக்கி நட்டால் ஒன்றின் தண்ணீரை மற்றது குடிக்கும்.

ஆழ்துளைக் கிணற்றை வைத்து இந்தக் கணக்குப் போடாதீர்கள். பாறைக்கடியில் உள்ள நீருக்கு வேர் எட்டாது. மோட்டார் ஓடி நின்ற கையோடு அளந்தாலும் தப்பாகும்.