செல் ரப்பர் பேண்ட் இல்லை: இழுவிசைப் பாடத்தில் வழுக்கும் இடங்கள்

"மிஸ், ஒரே இழுப்பா இழுத்து விட்டா என்ன? எதுக்குத் தினம் கொஞ்சம் கொஞ்சமா?"

தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் உயிரியல் டியூஷனில் ஒரு பையன் கேட்டான். அவன் அப்பா காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். கயிற்றில் சிக்கி விரல் எலும்பு முறிந்தது. கட்டைப் பிரித்த பிறகு விரல் மடங்கவில்லை. ஸ்டான்லி மருத்துவமனையில் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: மெதுவாக மடக்கி, கொஞ்ச நேரம் அப்படியே பிடித்து, ஒரு நாளில் பல தடவை. வீட்டில் ஆயாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எண்ணெய் போட்டு ஒரு பிடி பிடித்தால் சரியாகிவிடும் என்கிறாராம்.

இதற்குப் பதில் சொல்ல, இழுக்கும்போது செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். பாடம் நடத்தும் நாங்களும் தடுமாறியிருக்கிறோம்.

விடைத்தாள்களில் நான் அதிகம் பார்ப்பது ரப்பர் பேண்ட் உவமை. இழுத்தால் செல் நீளும், விட்டால் பழையபடி ஆகிவிடும் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ரப்பரை நூறு முறை இழுத்தாலும் அது புதிதாக ரப்பர் செய்யாது. செல் செய்யும். தீக்காயத் தழும்பை எடுத்துவிட்டு நல்ல தோலால் மூட வேண்டுமென்றால், பக்கத்துத் தோலுக்கு அடியில் சிலிக்கோன் பை ஒன்றை வைத்து, வாரக்கணக்கில் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றுவார்கள். மேலே உள்ள தோல் இழுபடுகிறது. அதன் செல்கள் பிரிந்து பெருகுகின்றன. கூடுதல் தோல் நிஜமாகவே வளர்கிறது. இழுவை என்பது செல்லுக்கு ஒரு செய்தி. அந்தச் செய்திக்கான பதில் பல வேகங்களில் வருகிறது. சவ்விலுள்ள அயனிக் கால்வாய்கள், அதாவது மின்னூட்டமுள்ள துகள்களை உள்ளே வெளியே விடும் புரதக் கதவுகள், மில்லிவினாடிகளில் திறக்கும். புரதங்கள் வினாடிகளில் உருவம் மாறும். மரபணுக்கள் வேலையைத் தொடங்க மணிக்கணக்காகும். திசுவுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரத நார்களைப் புதிதாக அடுக்க நாட்களும் வாரங்களும் வேண்டும். இவை எல்லாவற்றையும் ஒரே வரியில் 'உடனே நடக்கும்' என்று எழுதிவிடாதீர்கள்.

அடுத்த தவறு இதைவிட ஆழமானது. யாராவது வெளியிலிருந்து இழுத்தால்தான் செல்லுக்கு விசை தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் செல் ஓயாமல் தானே இழுத்துக்கொண்டிருக்கிறது. படகில் நங்கூரம் போட்டவர் என்ன செய்வார்? போட்டதோடு விடமாட்டார். கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். கயிறு இழுத்த இழுப்புக்கு வந்தால் அடியில் சேறு. கயிறு விறைத்தால் நன்றாகப் பிடித்திருக்கிறது. செல்லும் இதைத்தான் செய்கிறது. இன்டக்ரின் என்ற புரதங்கள் சவ்வைத் துளைத்து வெளியே கொலாஜன் போன்ற நார்களைப் பற்றியிருக்கின்றன. உள்ளே ஆக்டின் என்ற புரத இழைகளை மையோசின் என்ற இன்னொரு புரதம் இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் கயிறு போல நிற்பது டாலின் என்ற புரதம். தரை கெட்டியாக இருந்தால் டாலின் விறைக்கும். சில பிகோநியூட்டன் விசையிலேயே அதன் மடிப்புகள் அவிழும். பிகோநியூட்டன் என்பது நியூட்டனில் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு! மடிப்புக்குள் மறைந்திருந்த இடங்கள் வெளியே வந்ததும் வின்குலின் என்ற இன்னொரு புரதம் அங்கே ஒட்டி, பிடியை உறுதியாக்கும். இழுவை பலமாக இருந்தால் யாப் என்ற புரதம் உட்கருவுக்குள் போய், பெருகச் சொல்லும் மரபணுக்களைத் தூண்டும்.

2006-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எங்லர், டிஷர் என்ற ஆய்வாளர்கள் செய்த ஆய்வை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் சொல்வேன். ஒரே வகை ஸ்டெம் செல்களை (பல வகைச் செல்லாக மாறக்கூடியவை) வெவ்வேறு கெட்டித்தன்மையுள்ள ஜெல்களின் மேல் வளர்த்தார்கள். மூளையளவு மென்மையான ஜெல்லில் அவை நரம்புச் செல்லின் சாயலுக்கும், தசையளவு கெட்டியானதில் தசையின் சாயலுக்கும், இன்னும் கெட்டியானதில் எலும்புச் செல்லின் சாயலுக்கும் திரும்பின. யாரும் அவற்றைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்துப் பார்த்தது அவைதான்.

2021 நோபல் பரிசுக்குப் பிறகு புதிதாக ஒரு தவறு சேர்ந்திருக்கிறது: எந்தக் கேள்விக்கும் 'பியசோ' என்று எழுதிவிடுவது. சவ்வு இழுபட்டால் திறக்கும் ஓர் அயனிக் கால்வாய் அது. அந்தப் பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான ஆர்டெம் படபூட்டியனின் குழு ஒரு செல்லை நுண்குழாயால் குத்தி, அது மின்சமிக்ஞை தருவதைப் பார்த்தது. பிறகு 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டே வந்தது. கடைசி மரபணுவை அடக்கியபோதுதான் செல் குத்தலை உணராமல் போனது. 2010-இல் வெளியான அந்தக் கண்டுபிடிப்பே பியசோ1. பொறுமைக்கு அதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனாலும் இழுவையை உணர பியசோ ஒன்றே வழி என்று ஆகிவிடாது. மேலே சொன்ன டாலின் தனி வழி. பாக்டீரியாவுக்கு நரம்பும் இல்லை, பியசோவும் இல்லை. திடீர் மழைநீரில் அது ஊதி வெடிக்கப் பார்க்கும்போது, அதன் சவ்விலுள்ள வேறொரு கால்வாய் திறந்து உள்ளழுத்தத்தை வெளியேற்றும்.

இனி அந்தப் பையனின் கேள்வி. 'இழுவை நல்லதென்றால் அதிக இழுவை இன்னும் நல்லது' என்பதுதான் உடம்பைக் கெடுக்கும் தவறு. சைபீரியாவின் குர்கானில் இலிசாரோவ் என்ற மருத்துவர் எலும்பை வெட்டி, இரு முனைகளையும் மெல்ல விலக்கி நீட்டும் முறையை உருவாக்கினார். அவர் கண்ட அளவு நாளுக்கு 1 மில்லிமீட்டர், அதையும் 0.25 வீதம் நான்கு தடவையாக. வேகம் கூடினால் இடைவெளியில் எலும்பு உருவாகாது. வேகம் குறைந்தால் முன்கூட்டியே ஒட்டிக்கொள்ளும். நுரையீரலிலும் இதே கதை. 2000-இல் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் (உயரத்துக்கேற்ற) உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் காற்று தந்தபோது 39.8 சதவீதத்தினர் இறந்தார்கள். 6 மில்லிலிட்டர் தந்தபோது 31 சதவீதத்தினர். அளவுக்கு மீறி இழுபட்ட நுரையீரல் செல்கள் அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அனுப்புகின்றன.

விரலிலும் அப்படித்தான். வெடுக்கென்று இழுத்தால் திசு கிழியும், வீங்கும். காயத்தை ஆற்ற வரும், கொலாஜன் நார்களைச் செய்யும் நாரியச் செல்கள் அந்த இறுக்கத்தை உணர்ந்து இன்னும் முரட்டுத் தழும்பைக் கட்டும். விரல் முன்னைவிட விறைக்கும். மெல்லப் பிடித்து வைத்தால் அதே செல்கள் கொலாஜனைக் கொஞ்சம் கரைத்து, கொஞ்சம் நீட்டி அடுக்கும். அதற்கு வாரங்கள் பிடிக்கும், ஆயாவிடம் இதையே சொல் என்றேன்.

ஆய்வகத் தட்டில் ஒரு செல் வளர்ந்ததைக் காட்டி, 'இந்த நீட்சிப் பயிற்சி உங்கள் ஸ்டெம் செல்களை எழுப்பும்' என்று விற்கிற விளம்பரங்களை நம்பாதீர்கள். தட்டு வேறு, உடம்பு வேறு.

மறுவாரம் பையன் இன்னொரு சந்தேகத்தோடு வந்தான். அப்பா கண்ணை மூடிக்கொண்டே விரல் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று சரியாகச் சொல்கிறாராம். விறைத்த விரலில் அது எப்படி? தசைகள் நீள்வதை உணரும் நரம்பு முனைகளில் பியசோ1-இன் உறவான பியசோ2 என்ற கால்வாய் இருக்கிறது. அந்த மரபணு வேலை செய்யாமல் பிறந்த இருவரை ஆராய்ந்து 2016-இல் எழுதியிருக்கிறார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் தங்கள் கை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை, நடக்கவும் தடுமாறுகிறார்கள். உங்கப்பா விரலில் விறைத்தது மூட்டும் அதைச் சுற்றிய திசுவும், உணர்வு அப்படியேதான் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.