எத்தனை வாட் ஆம்ப் வேணுங்க? ஸ்பீக்கரையும் ஹாலையும் பார்த்துக் கணக்குப் போடும் வழி

எங்கள் ஊர்ப் பக்கம் போர்வெல்லுக்கு மோட்டார் எடுக்கப் போனால் கடைக்காரர் முதலில் எச்பி கேட்க மாட்டார். ‘எத்தனை அடிங்க, தண்ணி எங்க நிக்குது, தொட்டி எவ்வளவு உசரம்’ என்றுதான் கேட்பார், அதையெல்லாம் சொன்ன பிறகுதான் எச்பி பேச்சே வரும். கோயம்புத்தூரைச் சுற்றி வீதிக்கு வீதி பம்பு செய்கிற மண்ணில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதே ஆள் ஹோம் தியேட்டருக்கு ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபையர், வாங்கப் போனால் எடுத்த எடுப்பில் வாட்டில் போய் நிற்கிறார். போன பொங்கலுக்குக் காங்கேயத்தில் மாமா கேட்டதும் அதேதான்: “ஏனுங் மாப்ள, 1000 வாட் போட்டா நம்ம ஹாலுக்குப் பத்துங்களா?”

ஸ்பீக்கர் என்ன ஸ்பீக்கர், சோபா எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டேன். “அது எதுக்குங் மாப்ள?” என்றார். அதுதான் இங்கே போர்வெல்லின் ஆழம், அதனால்தான்.

ஸ்பீக்கருக்குப் பின்னாலோ கையேட்டிலோ சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் போட்டிருக்கும், 85 டிபி, 88 டிபி, 92 டிபி என்று. டிபி என்பது டெசிபல், சத்தத்தை அளக்கும் அளவு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு சத்தம் கேட்கும் என்பதுதான் அது. வாங்கும்போது யாரும் பார்க்காத எண், ஆனால் பாதிக் கணக்கு இதிலேயே முடிந்துவிடும். ஏனென்றால் வாட்டை இரண்டு மடங்கு ஆக்கினாலும் சத்தம் 3 டிபிதான் கூடும், காதுக்கு ‘இப்பத்தான் டபுளாச்சு’ என்று தோன்ற ஏறக்குறைய 10 டிபி வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்கு ஆக வேண்டும். கடையில் 80 வாட் மாடலுக்கும் 100 வாட் மாடலுக்கும் நடுவே சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் சொல்வார்களே, சத்தத்தில் அது வெறும் 1 டிபி. இருட்டில் உட்கார வைத்து மாற்றி மாற்றிப் போட்டால் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதே காசை ஸ்பீக்கரில் போட்டு 85 டிபிக்குப் பதில் 91 டிபி எடுத்தால், முன்பு 100 வாட் கேட்ட இடத்தில் 25 வாட் போதும்.

அடுத்தது தூரம். வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கு ஆனால் 6 டிபி போய்விடும். வீட்டுக்குள் சுவரும் டைல்ஸ் தரையும் கொஞ்சம் திருப்பித் தருவதால் அவ்வளவு போகாது.

மாமா ஹாலையே எடுத்துக்கொள்வோம். ஸ்பீக்கர் 88 டிபி, 8 ஓம்ஸ் (ஓம்ஸ் என்பது கரண்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை). சோபா 10 அடி, அதாவது 3 மீட்டர். தூரத்தால் ஒன்பதரை டிபி கழியும், அறை தருவது ஒரு 3 டிபி என்று வைத்தால், ஒரு வாட்டுக்கு சோபாவில் எண்பத்தொன்றரை டிபி கேட்கும். சாயங்காலம் சீரியல், செய்தி, பாட்டு எல்லாம் 70, 75 டிபியில் ஓடுவது, அதற்குக் கால் வாட்டே போதும் என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் கணக்கு அதுதான். வாட் தேவைப்படுவது கண் இமைக்கும் நேரத்தில் வந்து போகிற வெடிச் சத்தத்துக்கும் பறை அடிக்கும்தான். அந்த உச்சம் 100 டிபி வேண்டுமென்றால் 70 வாட் ஆகும். தியேட்டர் அளவு, அதாவது சராசரி 85, உச்சம் 105 டிபி வேண்டுமென்று அடம் பிடித்தால் 220 வாட்டைத் தாண்டும். ஐந்தே டிபிதான், வாட் மூன்று மடங்கு. வீட்டில் அந்த அளவுக்கு யாரும் இரண்டரை மணி நேரம் உட்கார மாட்டார்கள், அத்தை இரண்டாவது நிமிடமே ரிமோட்டைப் பிடுங்கிவிடுவார். என்னைக் கேட்டால் 100 டிபிக்குக் கணக்குப் போட்டாலே தாராளம்.

சரி, ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 70 வாட் என்று தெரிந்துவிட்டது. இப்போது கடையில் ஏமாறாமல் 70 வாட்டை வாங்க வேண்டும், அதுதான் பெரிய பாடு.

பிஎம்பிஓ (ஒரு நொடிகூட நிற்காத உச்சத்தைக் காட்டும் விளம்பர வாட்) என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம். கம்பெனி ரிசீவரில், அதாவது ஹோம் தியேட்டர் ஆம்ப் பெட்டியில் கூட, ஒரே பெட்டிக்கு இரண்டு மூன்று விதமான வாட் போட்டிருப்பார்கள். ‘1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன் (சத்தம் சிதைவது), 1 சேனல்’ என்று இருப்பது விளம்பரக் கணக்கு. ‘20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.08%, 2 சேனல்’ என்கிற மாதிரி இருக்கும் வரிதான் நமக்கு வேண்டியது. முதல் வரியில் 150 என்று இருந்தது இரண்டாவது வரியில் 80 ஆக இறங்கியிருக்கும். ஐந்து, ஏழு சேனலும் ஒன்றாக உழைத்தால் அதிலும் இன்னும் குறையும், அதற்காகப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், படத்தில் எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவது அபூர்வம்.

நம்ம ஊரில் பாதிப் பேர் அசெம்பிள்ட் ஆம்ப்தான் வாங்குகிறோம், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதில் குறை ஒன்றுமில்லை, நல்ல கைக்காரர் செய்தால் இருபது வருடம் ஓடும். ஆனால் மூடியைத் திறந்து டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். நான் வாங்கியதன் முகப்பில் 1000 வாட் என்று ஸ்டிக்கர் பளபளத்தது, உள்ளே இருந்தது 24-0-24 வோல்ட், 5 ஆம்பியர். இரண்டு 24-ம் சேர்ந்த 48 வோல்ட்டை 5 ஆல் பெருக்கினால் 240 வாட். கரண்டிலிருந்து உள்ளே வருவதே 240 என்றால் வெளியே 1000 எங்கிருந்து வரும்? சேனலுக்கு எவ்வளவு வரும் என்பதையும் இதே எண்ணில் பிடித்துவிடலாம். 24 வோல்ட் ஏசி, டையோடைத் தாண்டினால் 33 வோல்ட் டிசி ஆகும், போர்டு மூன்று வோல்ட்டைத் தின்றுவிட 30 மிச்சம். முப்பதை முப்பதால் பெருக்கி, 8 ஓம்ஸின் இரண்டு மடங்கான 16 ஆல் வகுத்தால் 56. ஆக 8 ஓம்ஸுக்கு 50, 55 வாட், அவ்வளவுதான். ‘5200-1943 நாலு ஜோடி போட்டிருக்குதுங்க’ என்று டிரான்சிஸ்டரைக் காட்டுவார்கள். எத்தனை ஜோடி போட்டாலும் டிரான்ஸ்ஃபார்மர் தராததை அது தராது.

வோல்டேஜையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தோட்டத்து வீடு, சுற்றிலும் மோட்டார் ஓடுகிற நேரம், 230 இருக்க வேண்டியது 180க்கு இறங்கினால் இந்த மாதிரி ஆம்பில் வாட் பத்தில் ஆறு பங்காகிவிடும். பல்லடம், சோமனூர்ப் பக்கம் தறிக் குடோனுக்கு ஒட்டி வீடு இருந்தால் இன்னொரு சிக்கல், தறிச் சத்தத்தை மீறி வசனம் கேட்க வேண்டுமே. அவர்கள் என் 100 டிபியோடு ஒரு 5 சேர்த்துக்கொள்ளலாம், அல்லது 92 டிபி ஸ்பீக்கர் தேடலாம், இரண்டாவதுதான் சல்லிசு.

ஸ்பீக்கரில் 150 வாட் என்று போட்டிருந்தால் 150 வாட் ஆம்ப் வேண்டும் என்று அர்த்தமில்லை. அது தாங்கும் அளவு, கேட்கும் அளவு அல்ல. அதற்காக ‘சின்ன ஆம்ப் போட்டால் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு’ என்று நினைப்பதும் தப்பு. 25 வாட் ஆம்பை ஒரு காதுகுத்துக்கு முழுசாகத் திருகி வைத்து என் ட்வீட்டர் (கீச்சுச் சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கர்) இரண்டும் போனது. ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது அலையின் தலை வெட்டுப்படும், வெட்டுப்பட்ட ஓரங்கள் எல்லாம் உயர் அதிர்வெண்ணாக மாறி நேராக ட்வீட்டருக்குப் போகும். அதுவோ சில வாட்டைத்தான் தாங்கும். பந்தலில் நிற்கும்போதே சத்தம் கரகரவென்று மாறியது காதில் விழுந்தது, நான்தான் ‘சின்ன ஸ்பீக்கர், அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிட்டேன். கரகரத்தால் உடனே குறையுங்கள்.

4 ஓம்ஸ் ஸ்பீக்கர் என்றால் 8 ஓம்ஸைவிட ஆம்பிலிருந்து இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். ரிசீவர் பின்னால் ‘6 முதல் 16 ஓம்ஸ்’ என்று மட்டும் இருந்தால் கட்ட வேண்டாம், சூடாகி புரொடெக்‌ஷனுக்குப் போய் நிற்கும். எந்த ஆம்ப் ஆனாலும் ஷோகேஸுக்குள் அடைத்துக் கண்ணாடிக் கதவை மூடாதீர்கள்.

தனி ஆம்ப் உள்ள சப் வூஃபர் (கனத்த சத்தத்துக்கான பெட்டி) இருந்தால் பாதிப் பாரம் இறங்கிவிடும். ரிசீவர் செட்டிங்கில் ஸ்பீக்கரை ‘ஸ்மால்’ என்று போட்டு கிராஸ்ஓவரை, அதாவது எதற்குக் கீழே உள்ள சத்தம் சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். வாட்டை அதிகம் குடிப்பது பேஸ் என்கிற கனத்த சத்தம்தான், அதை சப் பார்த்துக்கொண்டால் ரிசீவர் மற்றதுக்கு மூச்சு விடும்.

ஏற்கெனவே ஓர் ஆம்ப் இருந்து, மாற்றலாமா என்று யோசிப்பவர்கள் 300 ரூபாய் மல்டிமீட்டரை எடுங்கள். நீங்கள் அதிகபட்சம் வைக்கிற வால்யூமில் வைத்து, ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு, 200 ஹெர்ட்ஸ், மைனஸ் 12 டிபி டோன் (முழு அளவைவிட 12 டிபி குறைத்துப் பதிந்த ஒரே சீரான ஒலி) ஒன்றை ஓட விடுங்கள். ஆம்ப் டெர்மினலில் ஏசி வோல்ட் பாருங்கள். வருவதை 4 ஆல் பெருக்கி, அதை அதாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் ஓம்ஸால் வகுத்தால் உங்கள் உச்சத் தேவை. அதை இருக்கிற ஆம்ப் தந்தால் மாற்ற வேண்டாம்.

மாமா வீட்டுப் பழைய ஆம்பில் அப்படிப் பார்த்தோம். மீட்டரில் வந்தது 4 வோல்ட். நாலு மடங்கு 16, பதினாறு பதினாறு 256, எட்டால் வகுத்தால் 32 வாட். மாமா மீட்டரைத் தட்டிப் பார்த்தார், லீடை மாற்றிக் குத்திப் பார்த்தார், அதே 4தான். “அப்ப இருக்கறதே போதுங்களா?” என்றார். போதும் என்றேன். 1000 வாட்டுக்கு எடுத்து வைத்திருந்த காசில் சப் ஒன்று எடுத்து சோபாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், அத்தை அதன் மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார்.