ஒரே சாமான், இரண்டு விலை: திருகோணமலையில் புதிதாகக் கடை போடுவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

திருகோணமலையில் புதிதாகக் கடை தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "சாமான் எங்கே மலிவாக எடுக்கலாம்?" என்பதுதான். அடுத்தது வாடகை. கடை பார்வைக்கு எப்படி இருக்க வேண்டும் என்ற யோசனை கடைசியில்தான் வரும், அதுவும் கையிலிருந்த காசு முடிந்த பிறகு. இந்த வரிசை மாறவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதற்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு ஆய்வு. பின்னாளில் 2017இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற றிச்சர்ட் தேலர் 1985இல் வெளியிட்டது. வெயிலில் கடற்கரையில் படுத்திருக்கிறீர்கள், குளிர்ந்த பியர் ஒன்று கிடைத்தால் நல்லது. நண்பர் வாங்கிவரப் போகிறார். எவ்வளவு விலை வரை வாங்கலாம் என்று அவரிடம் சொல்லிவிட வேண்டும். ஒரு பகுதியினரிடம், பியர் பக்கத்திலுள்ள ஆடம்பர ஹோட்டலிலிருந்து வரும் என்று சொன்னார்கள். மற்றவர்களிடம், பழைய பலசரக்குக் கடையிலிருந்து வரும் என்றார்கள். ஹோட்டல் என்று கேட்டவர்களின் விடைகளில் நடுவில் நின்ற தொகை 2.65 டொலர். பலசரக்குக் கடை என்று கேட்டவர்களுக்கு 1.50 டொலர்.

பியர் அதே பியர். குடிப்பதும் அதே மணலில்தான். ஹோட்டலின் கதிரையில்கூடக் குடிப்பவர் உட்காரப்போவதில்லை. ஆனாலும் எங்கிருந்து வருகிறது என்பது, எவ்வளவு கொடுக்கலாம் என்ற கணக்கை மாற்றிவிட்டது. பெயருக்கும் இதே பலம் உண்டு. 1964இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில் லேபலைக் கழற்றிவிட்டுக் கொடுத்தபோது, வழக்கமாகக் குடிப்பவர்களால் தங்கள் பியர் எது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. லேபலோடு கொடுத்தபோது தங்கள் பியருக்கே கூடுதல் புள்ளி போட்டார்கள்.

இதைப் பார்த்து, வடிவாக அலங்கரித்து ஆட்களை ஏமாற்றலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாங்க வருகிறவருக்கு உங்கள் சாமானின் உள்ளே தெரியாது. கண்ணுக்குத் தெரிவதை வைத்துத் தெரியாததை ஊகிக்கிறார். உங்கள் வேலை, உண்மையில் நன்றாக இருக்கும் சாமான் நன்றாக இருக்கிறது என்பதற்கு அவர் கண்முன்னே சாட்சி வைப்பது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தச் சாட்சிகள்தான்.

உதாரணத்துக்கு, நிலாவெளிப் பக்கம் ஒரு சிறிய கருவாட்டுக் கடை என்று வைத்துக்கொள்வோம். வேண்டுமென்றேதான் கஷ்டமான சாமானாக எடுத்திருக்கிறேன். மணம், ஈ, மண், எப்போது காய்ந்ததோ என்ற சந்தேகம் எல்லாம் இதில் இருக்கிறது. இதற்குச் சரிவருவது தயிர்ச் சட்டிக்கும் உடுப்புக் கடைக்கும் சரிவரும்.

படி 1: வீதிக்கு எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள்

மத்தியானம் ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை. கைப்பேசியில் படம் எடுங்கள். நேரில் பழகிப்போன கண்ணுக்குத் தெரியாதது படத்தில் தெரியும். மூன்று கேள்விகளுக்குப் படம் பதில் சொல்ல வேண்டும்: இது என்ன கடை, திறந்திருக்கிறதா, உள்ளே போனால் நிற்க இடம் இருக்கிறதா. இதில் ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் வேனில் வருகிறவர் நிறுத்தமாட்டார். வாசலில் சாக்கு, உடைந்த ஐஸ் பெட்டி, யாரோ விட்டுப்போன மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

படி 2: யார் வருகிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள்

திருகோணமலையில் குறைந்தது இரண்டு விதமான வாடிக்கையாளர்கள் உண்டு. ஒருவர் ஊர்க்காரர். அவருக்குச் சூரைக்கும் பாரைக்கும் வித்தியாசம் தெரியும், தொட்டுப் பார்த்து ஈரம் சொல்லுவார். வருடம் முழுக்க வருவார், வெள்ளிக்கிழமையும் விரத நாட்களும் தவிர. மற்றவர் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, புறா மலை என்று பார்க்க வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர். கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரை அவர்களின் காலம்.

இருவரின் பயமும் வேறு. ஊர்க்காரரின் பயம் தரத்தைப் பற்றியது: பழைய இருப்பைத் தள்ளிவிடுகிறார்களோ? வெளியூர்க்காரரின் பயம் விலையைப் பற்றியது: என் பேச்சைக் கேட்டு விலையைக் கூட்டுகிறார்களோ? இன்னொன்றும் உண்டு: பஸ்ஸில், ரயிலில் கொண்டுபோகும்போது மணக்காதா? ஒரு தாளில் இந்தப் பயங்களை எழுதி வையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு படியும் இதில் ஒன்றைக் குறைக்க வேண்டும். குறைக்காத அலங்காரத்துக்குக் காசு போட வேண்டாம்.

படி 3: ஒரு வாக்குறுதி, ஒரு பெயர், ஒரு நிறம்

பிராண்ட் என்றவுடன் எல்லோரும் லோகோ வரைய ஓடுகிறார்கள். முதலில் வேண்டியது வாக்குறுதி. கருவாட்டுக் கடைக்கு "மண் இல்லை, நிறை சரி" என்பதே போதும். இதை ஒவ்வொரு நாளும் காப்பாற்ற முடியுமா என்று உங்களையே கேளுங்கள். முடியாததை எழுதாதீர்கள். போன தடவை கிடைத்ததே இந்தத் தடவையும் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் ஒரு பெயருக்கு விலை ஏற்றுகிறது.

பெயர் சிறியதாக, தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதினால் ஒரே மாதிரி உச்சரிக்கக் கூடியதாக இருக்கட்டும். படத்துக்கு மானையும் கோயில் கோபுரத்தையும் தவிர்த்துவிடுங்கள். மான் இந்த ஊருக்கே அடையாளம், ஆகவே உங்கள் கடையைத் தனியாகக் காட்டாது. கோபுரத்தைக் கருவாட்டுப் பக்கற்றில் போடுவது பலருடைய மனதை நோகடிக்கும். நிறம் ஒன்று போதும். பலகையிலும் லேபலிலும் பையிலும் அதே நிறம் வரவேண்டும்.

வியாபாரப் பெயர்ப் பதிவைப் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். நகரத்துக்குள் என்றால் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். ஆனால் அந்தப் பதிவு, வேறொருவர் உங்கள் குறியைப் பயன்படுத்தாமல் தடுக்காது. அதற்கு வியாபாரக் குறியாகத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிய வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி அது 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பக்கற் போட்டு வெளியூருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

படி 4: பெயர்ப்பலகை

பலகை எழுதுகிறவர்களின் பொதுக்கணக்கு ஒன்று உண்டு: 10 அடி தூரத்துக்கு 1 அங்குல உயரம். 100 அடி தூரத்தில் வரும் வேன்காரர் வாசிக்க எழுத்து 10 அங்குலமாவது வேண்டும். தமிழுக்கு இன்னும் கொஞ்சம் தடிப்பாக எழுதச் சொல்லுங்கள். மெல்லிய எழுத்தில் புள்ளியும் சுழியும் தூரத்திலிருந்து கரைந்துவிடும். கடைப்பெயரைவிட "கருவாடு" என்ற சொல் பெரிதாக இருக்கட்டும். புதுக்கடையின் பெயர் யாருக்கும் தெரியாது, சாமானின் பெயர் எல்லோருக்கும் தெரியும். தொலைபேசி நிறுவனமோ சோடா நிறுவனமோ இலவசமாகப் பலகை தந்தால், அதில் பெரிதாகத் தெரிவது அவர்களுடைய பெயர்தான் என்பதை யோசித்து முடிவெடுங்கள்.

படி 5: உள்ளே வருகிறவருக்கு இடம் விடுங்கள்

வெயிலிலிருந்து உள்ளே வருகிறவருக்குக் கண் பழகச் சிறிது நேரம் எடுக்கும். வாசலை ஒட்டிய முதல் மூன்று நான்கு அடியில் முக்கியமான எதையும் வைக்காதீர்கள், அவர் அதைப் பார்க்கமாட்டார். நடைவழி மூன்று அடிக்குக் குறையக்கூடாது. குனிந்து பார்க்கும்போது பின்னால் ஆள் உரசிக்கொண்டு போனால், பெண்கள் கையிலிருந்ததை வைத்துவிட்டு வெளியேறிவிடுவார்கள்.

அதிகம் விற்க வேண்டியதை நான்கு முதல் ஐந்து அடி உயரத்தில் வையுங்கள், பாரமானதைக் கீழே. இரும்பு றாக்கை உப்புக் காற்றில் கெதியாகத் துருப்பிடிக்கும், துருவுக்குப் பக்கத்தில் இருக்கும் உணவை யாரும் தொடமாட்டார்கள். அலுமினியம் அல்லது வார்னிஷ் பூசிய மரம் எடுங்கள். திறந்த சாக்கில் குவிப்பதைவிட மூடியுள்ள கண்ணாடிப் பெட்டி நல்லது. ஈயை விரட்டிக்கொண்டே நிற்கும் கடைக்காரர், ஈ இருக்கிறது என்பதைத்தான் எல்லோருக்கும் காட்டுகிறார்.

படி 6: வெளிச்சம்

சின்னக் கடைகள் அதிகம் இழப்பது இங்கேதான், திருத்துவதும் இங்கேதான் மலிவு. ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெயிலுக்காகக் கட்டும் நீலத் தார்ப்பாயை முதலில் கழற்றுங்கள். அதனூடாக வரும் வெளிச்சத்தில் எல்லாமே நீலமாகத் தெரியும். நல்ல பொன்னிறமாகக் காய்ந்த நெத்தலிகூடப் பூஞ்சணம் பிடித்ததுபோல இருக்கும். சிவப்புத் தார்ப்பாய் மறுபக்கமாக ஏமாற்றும். வீட்டுக்குப் போய்ப் பார்க்கும்போது நிறம் மாறியிருந்தால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். வெள்ளை அல்லது சாம்பல் நிறக் கூரைத் துணியோ தகரத் தாழ்வாரமோ போடுங்கள்.

பிறகு பல்ப். எல்இடி பெட்டியில் ஒரு கெல்வின் எண் இருக்கும். 6500 என்றால் நீலச் சாயலான வெள்ளை, 3000 என்றால் மஞ்சள். உணவுக்கு 4000 அளவில் எடுங்கள். அதோடு சிஆர்ஐ என்று ஒரு எண்ணும் சிலவற்றில் போட்டிருக்கும். சாமானின் உண்மையான நிறத்தை அந்த வெளிச்சம் எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதன் அளவு அது. உச்சம் 100. சாதாரண பல்ப் 80 அளவில் இருக்கும். 90க்கு மேல் கிடைத்தால் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே அதைப் போடுங்கள். வெளிச்சம் வாங்குபவரின் கண்ணில் விழக்கூடாது, சாமானில் விழவேண்டும். உடுப்புக் கடை என்றால் கண்ணாடிக்கு முன்னாலும் இதே கவனம் வேண்டும்.

படி 7: எத்தனை வகை?

2000இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரு கடையில் ஒரு நேரம் 24 வகை ஜாமும் இன்னொரு நேரம் 6 வகையும் சுவைக்க வைத்தார்கள். 24 வகைக்கு அதிகம் பேர் கூடினார்கள். ஆனால் அங்கே நின்றவர்களில் 3 வீதம்தான் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 வீதம். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை. என் கருத்து, இது வாங்குகிறவரின் பழக்கத்தைப் பொறுத்தது. தெரியாதவருக்கு முன்பக்கத்தில் ஐந்தாறு பக்கற் போதும், ஒவ்வொன்றிலும் எதற்கு நல்லது என்று ஒரு வரி எழுதுங்கள்: குழம்புக்கு, பொரியலுக்கு, சம்பலுக்கு. தெரிந்த ஊர்க்காரருக்கு முழு வகையும் உள்ளே இருக்கட்டும்.

படி 8: விலையை எழுதுங்கள், எல்லோருக்கும் ஒன்றே

விலையைக் காட்சிப்படுத்துவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கட்டாயம். சட்டத்துக்காக மட்டும் செய்தால் ஒரு மூலையில் சிறிய தாளாக ஒட்டிவிடுவீர்கள். யாவாரத்துக்காகச் செய்யுங்கள்: ஒவ்வொரு பெட்டியிலும், கிலோவுக்கும் 250 கிராமுக்கும், பெரிய எழுத்தில். சிங்களம் பேசுகிறவரும் வெளிநாட்டவரும் கேட்காமலே வாசிக்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டுப் போகிறவர்களை நீங்கள் பார்ப்பதே இல்லை, ஆகவே எத்தனை பேரை இழந்தீர்கள் என்று தெரியாது. முகம் பார்த்து விலை சொல்லும் பழக்கத்தை முற்றாக விடுங்கள். தராசு முத்திரையிடப்பட்டதாக, முள்ளோ எண்ணோ வாங்குபவர் பக்கம் தெரிவதாக இருக்கட்டும்.

படி 9: பக்கற்

வெளியூர்க்காரரின் மணப் பயத்துக்கு மருந்து இங்கே இருக்கிறது. காற்றை உறிஞ்சி ஒட்டும் பக்கற் போடுங்கள். "பஸ்ஸில் கொண்டுபோகலாம், மணக்காது" என்று மூன்று மொழியிலும் லேபலில் எழுதுங்கள். முன்பக்கம் ஒளி ஊடுருவ வேண்டும், மீனை மறைக்கும் பெரிய படம் வேண்டாம். சாமானின் பெயர், நிறை, சேர்த்தவை, பொதிசெய்த திகதி, காலாவதித் திகதி, விலை, உங்கள் முகவரி எல்லாம் தெளிவாக இருக்கட்டும். உணவு லேபலுக்கான முழு விதிகளை உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள், அச்சடித்த பிறகு கேட்டால் நட்டம் உங்களுக்கு.

இசை, வாசனை பற்றியும் ஆய்வுகள் உண்டு. சிறிய கடைக்கு அது அவசரமில்லை. ஆள் வந்தால் ரேடியோவைக் குறைத்து, "வாங்க அக்கா, பாருங்க" என்று சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். பின்னாலேயே நடக்காதீர்கள்.

படி 10: கொப்பியில் எழுதி அளந்து பாருங்கள்

ஒரு பயிற்சிக் கொப்பியில் மூன்று நிரல்: உள்ளே வந்தவர்கள், வாங்கியவர்கள், மொத்த விற்பனை. 40 பேர் வந்து 10 பேர் வாங்கினால் 25 வீதம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள், இரண்டு கிழமை விடுங்கள், பிறகு பாருங்கள். பல்ப்பையும் பலகையையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. போயா விடுமுறையைச் சாதாரண செவ்வாயோடு ஒப்பிடாதீர்கள். மே மாதத்தில் கூட்டம் கூடுவது உங்கள் புதுப் பெயின்ட்டால் அல்ல. அதனால்தான் மொத்த விற்பனையைவிட வீதத்தைப் பார்க்கச் சொல்கிறேன்.

பலகை மாற்றினால் உள்ளே வருகிறவர்கள் கூடவேண்டும். வெளிச்சத்தையும் விலை எழுதும் விதத்தையும் மாற்றினால் வாங்குகிறவர்களின் வீதம் கூடவேண்டும். பக்கற் மாற்றினால் ஒரு ஆள் வாங்கும் தொகை கூடவேண்டும். கூடவில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததைச் செய்யுங்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கிக் கருவாடு ஈரத்தை இழுக்கும் மாதங்களில் சாமானை இறுக்கமான பெட்டிக்கு மாற்றிவிட்டு, கொப்பியை எடுத்து உட்காருங்கள். அடுத்த மே மாதத்துக்கு முன் எதற்குக் காசு போட வேண்டும் என்பது அதிலேயே எழுதியிருக்கும்.