படம் ஒரு பக்கம், கோட் ஒரு பக்கம்: திருப்பூர் ஜாப் ஒர்க் மென்பொருளைச் சரிசெய்த விதம்

மென்பொருளில் ஒரே துணி ரோல் இரண்டு லாட்டில் (ஒன்றாகக் கையாளும் ரோல் தொகுதி) எடை காட்டியது. வகுப்புப் படத்தில் (கோடின் வகுப்புகளையும் அவற்றின் உறவுகளையும் காட்டும் வரைபடம்) விதி தெளிவாகவே இருந்தது: ஒரு லாட்டுக்குப் பல ரோல், ஒரு ரோலுக்கு ஒரே லாட். ஜாவா கோடில் அந்த உறவு இரண்டாக உடைந்திருந்தது. லாட்டுக்குள் ரோல் பட்டியல், ரோலுக்குள் தன் லாட்டைக் காட்டும் சுட்டி. ரோலை மாற்றும்போது சுட்டி மட்டும் மாறியது. பழைய லாட்டின் பட்டியல் அப்படியே நின்றது.

இப்போது ரோலை மாற்ற ஒரே மெத்தட்தான். பழைய பட்டியலிலிருந்து நீக்கும், புதியதில் சேர்க்கும், சுட்டியை மாற்றும். பட்டியலை வெளியே கொடுப்பது படிக்க மட்டும். இதை விட்டால் யாராவது நேராக ரோலைச் சேர்த்துவிடுவார்கள்.

துணியின் நிலைகளையும் கோடுக்குள் கொண்டுவந்தேன்: கிரே (சாயம் போடாத துணி), டையிங் (சாயம் போடுவது), காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்கச் செய்வது), கட்டிங். காம்பாக்டிங்கில் ஷேடு (நிறம்) சேரவில்லை என்றால் துணி மறுபடி டையிங்குக்குப் போகும். நிலைகளைக் காட்டும் படத்தில் அந்தத் திரும்பும் அம்பே இல்லை! அடுத்த நிலைகளை enum-இன் (நிலைகளைப் பட்டியலிடும் ஜாவா வகை) கன்ஸ்ட்ரக்டரில் எழுதினால், கீழே வரும் நிலையை மேலிருந்து சுட்ட முடியாமல் கம்பைலர் மறுக்கும். அதனால் ஒரு மெத்தடுக்குள் சுவிட்ச் போட்டு எழுதுங்கள்.

1960களில் நார்வேயில் டால், நைகார்ட் என்ற இரு கணினி அறிஞர்கள் சிமுலா என்ற நிரல் மொழியை உருவாக்கியபோதே மாதிரியும் நிரலும் ஒரே மொழியில்தான் இருந்தன. இப்போது படம் தேவைப்பட்டால் கோடிலிருந்தே எடுக்கிறேன், கையால் வரைவதில்லை.