மாரிக்கு முதல் சொட்கனைத் துப்புரவாக்கி வைப்பது எப்படி

பயிர்க் காவலுக்கென்று அனுமதிப்பத்திரத்தோடு வீட்டில் இருக்கும் 12 போர் (குழல் அளவு) சொட்கன் சுட்டுப் பழுதாவது குறைவு. துடைக்காமல் மூலையில் கிடந்து பழுதாவதுதான் கூட. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வெல்லாவெளி, கரடியனாறு, சாகாமம் பக்கத்து வயல் வட்டைகளில் புரட்டாதி, ஐப்பசியில் விதைத்தால் மாசி, பங்குனியில் வெட்டும் வரை துவக்கு வீட்டுக்கும் வயலில் உள்ள காவல் வாடிக்கும் இடையில் போய்வந்துகொண்டிருக்கும். வடகீழ்ப் பருவமழையும் அதே மாதங்களில்தான். மழைத்தண்ணீர், உள்ளங்கை வியர்வை, கடலோர எழுவான்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்று. இந்த மூன்றும் சேர்ந்தால் எண்ணெய் காய்ந்த குழலில் ஒரே இரவில் செம்மண் நிறத்தில் துரு பூக்கும்.

ஒவ்வொரு சனவரியிலும் லாஸ் வேகஸில் நடக்கும் ஷொட் ஷோ கண்காட்சியில் அறிமுகமாகும் கைத்துப்பாக்கி, ரைபிள் பலவற்றில் துருவைத் தாங்கும் புதுப் பூச்சுகளும் பிளாஸ்டிக் சோங்குகளும் (தோளில் வைக்கும் பிடி) இருக்கும். நம் வட்டைகளில் இருப்பவை பெரும்பாலும் கருநீலம் ஏற்றிய சாதாரண உருக்குக் குழலும் மரச் சோங்கும் கொண்ட பழைய துவக்குகள். அந்தக் கருநீலம் பெயின்ற் அல்ல, இரும்பின் மேல் வேண்டுமென்றே உண்டாக்கிய மெல்லிய ஒட்சைட்டுப் படலம். மேலே எண்ணெய் இருக்கும் வரைக்கும்தான் அது காக்கும்.

எடுத்து வைக்க வேண்டியவை

மூன்று துண்டாகப் பூட்டும் துப்புரவுக் கம்பி, 12 போருக்கான வெண்கலத் தூரிகை, பழைய பருத்திச் சாரத்தில் 10 சென்ரிமீட்டர் சதுரமாக வெட்டிய 20 துணித் துண்டுகள், பழைய பல்துலக்கும் பிரஷ், அரைக் கோப்பை மண்ணெண்ணெய், நல்ல துவக்கு எண்ணெய். துவக்கு எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெசின் எண்ணெய் போதும். மண்ணெண்ணெய் கரியைக் கரைக்கும், துருவைத் தடுக்காது. அதை முழுதாகத் துடைத்தெடுத்த பிறகே எண்ணெய் பூச வேண்டும்.

தேங்காயெண்ணெய் பூசும் பழக்கம் பலரிடம் உண்டு. அதை விட்டுவிடுங்கள். 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறையும். மார்கழி விடியற்காலையில் போத்தலில் வெள்ளையாகக் கட்டிக் கிடப்பது போல தோட்டாவின் அடியில் அடிக்கும் ஊசியின் துவாரத்துக்குள்ளும் கட்டும். நாள்பட்டால் பிசினாகி ஊசியின் ஓட்டத்தை மந்தமாக்கும். அப்போது தோட்டாவின் அடியில் அடி மெதுவாக விழுந்து, வெடிக்காமல் போகும். பாவித்த என்ஜின் ஒயிலும் வேண்டாம். அதில் சேர்ந்திருக்கும் அமிலமும் கரியும் உருக்கைத் தின்னும். டபிள்யூடி 40 நனைந்த இடத்திலிருந்து தண்ணீரை விரட்ட நல்லது, ஆனால் மாதக்கணக்கில் காக்கும் படலத்தை விடாது. அதை அடித்துத் துடைத்தபின் எண்ணெய் பூசுங்கள்.

முதலில் வெறுமையாக்குதல்

குழலை ஆள் இல்லாத திசைக்குத் திருப்பி, துவக்கை மடித்துத் திறந்து தோட்டாவை எடுக்க வேண்டும். ரிப்பீற்றர் (பல தோட்டா கொள்ளும் துவக்கு) என்றால் அறையில் ஒன்று, அடிக்குழாயில் ஒன்றிரண்டு என்று மறைந்திருக்கும். கண்ணால் பார்த்தது போதாது, விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். எடுத்த தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்காருங்கள். துடைக்கும் மேசையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது.

குழல்

ஒற்றைக் குழல் துவக்கில் முன்கைப் பிடியைக் கழற்றி, மடித்தால் குழல் தனியாக வந்துவிடும். எந்த வேலையும் தோட்டா அறைப் பக்கமிருந்து வாய்ப் பக்கமாகத்தான். வாய்ப் பக்கமிருந்து கம்பியை விட்டால் கரியெல்லாம் ஊசிப் பக்கம் வந்து சேரும், கம்பி உரசி வாய் விளிம்பும் தேயும்.

காய்ந்த துணி ஒன்றை முதலில் தள்ளி மணல், பூச்சி, தளர்ந்த கரியை எடுங்கள். பிறகு வெண்கலத் தூரிகையை மண்ணெண்ணெயில் தொட்டு 10, 12 தடவை ஓட்டுங்கள். தூரிகை மறுமுனையில் முழுவதும் வெளியே வந்த பிறகே திரும்ப இழுக்க வேண்டும். நடுவில் திருப்பினால் மயிர் மடங்கித் தூரிகை சிறுத்துவிடும். 10 நிமிடம் ஊற விட்டு, துணித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளுங்கள். முதலாவது கன்னங்கரேலென்று வரும், பிறகு சாம்பல் நிறம், பிறகு வெள்ளை. வெள்ளையாக வரும்வரை விடக் கூடாது.

அப்படி வந்த பின்னும், வாயை வெளிச்சத்துக்குக் காட்டி அறைப் பக்கமாகப் பார்த்தால் நீளவாக்கில் மங்கலான கோடுகள் தெரியலாம். அவை தோட்டாவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் உரசி விட்டுப்போனவை, அல்லது ஈயம். ‘சும்மா கறைதானே’ என்று விடாதீர்கள். அதன் அடியில் ஈரம் தங்கிக் குழலைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். தூரிகையை இன்னும் 20 தடவை ஓட்டினால் போய்விடும்.

கடைசித் துணியில் 4, 5 துளி எண்ணெய் விட்டு ஒருமுறை தள்ளுங்கள். எண்ணெய் தெரியக் கூடாது. விரல் வைத்தால் மினுங்கினால் போதும். அடுத்த முறை காவலுக்குக் கொண்டுபோகுமுன் காய்ந்த துணியால் குழலையும் தோட்டா அறையையும் துடைக்க மறக்க வேண்டாம். வெடிக்கும்போது தோட்டாவின் கோது விரிந்து அறைச் சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும். அறையில் எண்ணெய் இருந்தால் அது பிடிக்காமல் வழுக்கி, உதை முழுவதும் குழலின் பின்வாயை மூடிப் பிடிக்கும் பூட்டின் மேல் விழும். அறை துருப்பிடித்திருந்தாலோ நேர்மாறு: கோது இறுகி வெளியே வராது.

குழலுக்குள் பார்த்தல்

மிகப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான்.

சுவரில் சாத்தி வைத்த துவக்கின் வாயில் குளவி மண்கூடு கட்டும். வெளியில் ஒன்றும் தெரியாது. இரண்டு விரல்கடை உள்ளே ஈர மண்ணால் அறை செய்து, புழுவை வைத்து அடைத்துவிடும். ஓரிரு நாளிலேயே அது காய்ந்து கல்லாகிவிடும். வரம்பில் சறுக்கி வாய் சேற்றில் குத்தினாலும் இதே கதை. அடைப்புள்ள குழலில் சுட்டால், ஓடிவரும் சன்னமும் கிண்ணமும் அதில் முட்டி நிற்க, பின்னால் வரும் வாயுவின் அமுக்கம் அந்த ஓரிடத்தில் ஏறும். குழல் அங்கே வீங்கும் அல்லது கிழியும். அதனால் ஒவ்வொரு முறையும் தோட்டா போடுமுன் துவக்கைத் திறந்து, டோர்ச் வெளிச்சத்தில் குழலுக்குள்ளே பாருங்கள். முழு வட்டம் தெரிய வேண்டும். குளவி வராமல் இருக்க வாயில் துணி அடைப்பதும் ஆபத்து: ஈரத்தைப் பிடிக்கும், அவசரத்தில் எடுக்க மறந்தும் போகும்.

உள்ளே பார்க்கும்போது ஒரு வளைய நிழல் குறுக்கே தெரிந்தால் அது வீக்கம். வெளியே விரலால் தடவினால் சிறு மேடாகப் படும். அந்தத் துவக்கால் இனிச் சுடக் கூடாது, அனுமதி பெற்ற திருத்துநரிடம் காட்ட வேண்டும். இரட்டைக் குழல் என்றால் இன்னொரு சோதனை உண்டு. குழல் சோடியை அடிக் கொக்கியில் நூல் கட்டித் தொங்கவிட்டு, விரல் நகத்தால் தட்டுங்கள். மணி போல ஒலித்தால் ஈய ஒட்டு உறுதி. சத்தம் ‘டொக்’ என்று செத்துப்போனால் நடு இணைப்பு எங்கோ விட்டிருக்கிறது, அந்த இடைவெளிக்குள் தண்ணீரும் போயிருக்கும்.

பூட்டும் சோங்கும்

பூட்டுப் பகுதியைப் பிரஷ்ஷால் தேய்த்து, குழல் மடியும் அச்சாணியில் துளி கிறீஸ், மற்ற ஓடும் இடங்களில் ஒவ்வொரு துளி எண்ணெய். அதற்கு மேல் வேண்டாம். மிஞ்சிய எண்ணெய் வடிந்து பூட்டோடு சேரும் மரத்தில் இறங்கும். அந்த மரம் கறுத்து, பஞ்சு போலாகி, உதை தாங்காமல் பிளக்கும். துடைத்த முதல் இரவு துவக்கை வாய் கீழாக, துணியின் மேல் நிறுத்தி வைத்தால் மிஞ்சியது முன்பக்கம் வடிந்துவிடும். வெற்று அறையில் விசையை அழுத்திப் பார்ப்பதும் வேண்டாம், பழைய துவக்குகளில் ஊசி முறியும்.

சோங்கின் கழுத்தில் மயிரளவு வெடிப்பு இருந்தாலும் கம்பி சுற்றி, டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். சுடும்போது கன்னம் அதற்கு ஒரு சாண் பக்கத்தில்தான் இருக்கிறது. மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாகத் தேய்க்கலாம். தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போடாமல் விரித்துக் காயப் போடுங்கள். சுருட்டிப் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும்.

துரு ஏற்கெனவே பிடித்திருந்தால், எண்ணெய் ஊற்றி ஒரு மணித்தியாலம் விட்டு, மிக நுண்ணிய உருக்குப் பஞ்சால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். குத்துவிளக்கு மினுக்குவது போல எலுமிச்சை, புளி, வினாகிரி போட்டால் துருவோடு கருநீலமும் போய்விடும். இலக்கம் பொறித்த இடத்தில் அரத்தாளை வைக்கவே கூடாது. அனுமதிப்பத்திரம் அந்த இலக்கத்துக்குத்தான். வருடாவருடம் டிசம்பர் 31ஆம் திகதி முடியும் பத்திரத்தைப் புதுப்பிக்குமுன் அந்த எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

மழையில் நனைந்து வந்தால்

விடியட்டும் என்று விடாதீர்கள். வாடியிலேயே தோட்டாவை எடுத்து, முன்கைப் பிடியைக் கழற்றி, அதற்கும் குழலுக்கும் நடுவே துடையுங்கள். முதல் துரு அங்கேதான் வரும், வெளியே தெரியாது. அடுப்பங்கரையில் சாத்திக் காயவைத்தால் சோங்கு வெடிக்கும். காற்றோட்டத்தில் வைத்துக் காய்ந்தபின் எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவினால் அன்றைய வேலை முடிந்தது.

துணியுறை, தோலுறை, ஸ்பொஞ் வைத்த பெட்டி எல்லாம் கொண்டுபோக மட்டும். அவை ஈரத்தை உறிஞ்சி மாதக்கணக்கில் வைத்திருக்கும். வீட்டில் பூட்டிய இரும்பு அலுமாரியில், உறை இல்லாமல், வெளிச்சுவரில் படாமல் வையுங்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்தால் அதன் நிறம் மாறியதும் சூடாக்கிக் காயவைக்க வேண்டும். நீல மணிகளில் கோபால்ற் இருப்பதால் சமையல் சட்டியில் வறுக்க வேண்டாம்.

தோட்டா

றப்பர் வளையம் போட்ட மூடியுள்ள டப்பாவில், துவக்கை விட்டு வேறு இடத்தில், வேறு பூட்டில் இருக்க வேண்டும். பித்தளை அடியில் பச்சை பூத்தது, முகப்பு மடிப்பு விரிந்தது, ஊதிப் பெருத்தது எதையும் போடாதீர்கள். நனைந்ததை வெயிலில் தகரத்தில் காயவைப்பதும், துருவுக்குப் பயந்து எண்ணெய் பூசுவதும் தவறு. எண்ணெய் அடிமருந்துக்குள் ஊறினால் வெடிக்காது.

அறை நீளம் குழலடியில் பொறித்திருக்கும்: 65, 70 அல்லது 76 மில்லிமீட்டர். தோட்டாப் பெட்டியில் உள்ள அளவு சுட்டபின் விரிந்த கோதின் நீளம். எனவே 70 தோட்டா 65 அறைக்குள் சுகமாகப் போய் அமரும், துவக்கும் சரியாக மூடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். ‘போகுதே’ என்பது அளவுகோல் அல்ல.

அதைவிடப் பொல்லாதது, 12 போரைவிட மெலிந்த 20 போர் தோட்டா. 12 போர் அறைக்குள் அது நழுவி முன்னே போய்த் தங்கும். அறை வெறுமையாகத் தெரிய, மேலே 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 போருக்குப் பொதுவாக மஞ்சள் கோது போடுவது இதற்காகத்தான். இரண்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே 30 விநாடி பிடித்துவிட்டுத் திறவுங்கள். வெடி ‘பொத்’ என்று மெலிந்து கேட்டால் அடுத்ததைப் போடாதீர்கள். கிண்ணம் குழலில் தங்கியிருக்கும். பன்றி ஓடட்டும், முதலில் உள்ளே பாருங்கள்.

எஸ்.ஜி. என்ற பெரிய சன்னம் ஒன்று கிட்டத்தட்ட 8.4 மில்லிமீட்டர், உயர்த்திச் சுட்டால் 600 மீட்டருக்கும் மேல் போகும். அடுத்த வட்டை வாடிகளில் ஆட்கள் படுத்திருக்கும் இரவில் வரம்புக்கு மேலே குழல் உயரக் கூடாது. யானைக்கு ஒருநாளும் குறிவைக்க வேண்டாம். அது சட்டத்தால் காக்கப்பட்ட விலங்கு, சன்னம் தைத்த யானை ஊருக்குள்தான் திரும்பும். கம்பியில் கால் தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கோ சட்டவிரோதம், வரம்பில் நடக்கும் மனிதரையும் அது பிரித்துப் பார்க்காது.

புதிதாக வாங்கும்போது

கண்காட்சி விளம்பரங்களில் கைத்துப்பாக்கியும் ரைபிளும்தான் முன்னுக்கு நிற்கும். பயிர்க் காவலுக்கு அவை வேலைக்கில்லை. மாற்றுவதற்கு முன் அனுமதி எடுத்துவிட்டு, சொட்கன் விபரத்தில் நான்கை மட்டும் தேடுங்கள்: அறை நீளம், குழலின் உட்புறம் குரோம் ஏற்றியதா, வெளிப்பூச்சு எது, குழல் அமுக்கம் தாங்கும் என்று காட்டும் சோதனை முத்திரை குத்தியிருக்கிறதா. குரோம் உட்புறம் நம் ஈரத்துக்கு மிகப் பெரிய உதவி. ஆனாலும் பூட்டும் அச்சாணியும் சாதாரண உருக்காகவே இருக்கலாம், அங்கே எண்ணெய் வேண்டும். புதுத் துவக்கின் குழலுக்குள் தொழிற்சாலையில் பூசிய கெட்டிக் கிறீஸ் இருக்கும். முதல் தோட்டா போடுமுன் மண்ணெண்ணெய்த் துணியால் அறை முதல் வாய் வரை அதை முழுதாக எடுத்துவிடுங்கள்.