இறக்கிய காருக்கு ஷாக் அப்சார்பர்: கடைக்குப் போகும் முன் அளந்து பாருங்கள்

காரோடு வந்த கம்பெனி ஷாக், உயரம் குறைக்காத கம்பெனி உயரத்துக்கென்று செய்தது. காரை 40 மி.மீ. இறக்கினால் முன்பக்க ஷாக்கின் தண்டும் ஏறக்குறைய அந்த அளவுக்கு எப்போதும் உள்ளே இறங்கியே நிற்கும். வேகத்தடையில் அமுங்க மிச்ச இடம் இல்லாமல், ஷாக் அடிவரை அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் இடிக்கும். ரப்பர் நைந்துவிட்டால் இடி நேராக உள்ளே இருக்கும், எண்ணெய் ஓட்டத்தை அடக்கும் வால்வுக்குப் போகும். போதாததற்கு, இறக்கிய ஸ்பிரிங் கடினமானது. அது எம்பித் திரும்புவதை அடக்கப் பழைய வால்வுக்கு வலு காணாது. ஆகவே அதே கம்பெனி ஷாக்கை மறுபடி வாங்கிப் போட்டால் மறுபடியும் இதே கதிதான்.

ஸ்பிரிங்கை வெட்டி இறக்கியிருந்தால் ஷாக் வாங்காதீர்கள். முதலில் காருக்கென்று வரும் லோயரிங் ஸ்பிரிங் (காரை இறக்கவென்றே செய்த ஸ்பிரிங்) போடுங்கள். வெட்டிய ஸ்பிரிங் சக்கரம் தொங்கும்போது தான் உட்காரும் தட்டை விட்டு நழுவும். எந்த ஷாக்காலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

இனி அளவு. சமதளத்தில் நிறுத்தி, சக்கர நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். இறக்காத அதே மாடலின் அளவிலிருந்து இதைக் கழித்தால் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். அடுத்து தண்டை மூடியிருக்கும் டஸ்ட் கவரைத் தூக்கிவிட்டு, பளபளக்கும் தண்டில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கிக் கட்டி, ஷாக் உடலின் மேல் விளிம்பு வரை கீழே தள்ளுங்கள். டிக்கியில் சாமானும் ஐந்து பேரும் ஏறி, நீங்கள் தினமும் போகும் பாதையில் ஓட்டுங்கள். சாலை விதிப்படி வளைவான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். ஊருக்குள் கட்டியவை பல இதைவிடக் குறுகல், செங்குத்து. காரைக்குடி அருகே பிள்ளையார்பட்டி, கானாடுகாத்தான் பக்கம் போகிறவர்கள் அதையும் கணக்கில் வையுங்கள். திரும்பி வந்து பாருங்கள்: கேபிள் டை பம்ப் ஸ்டாப்பை ஒட்டிப் போயிருந்தால், உடல் குட்டையான ஷாக்தான் வேண்டும்.

இன்னொரு சோதனை: ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் திருப்புங்கள். சுற்றினால், விரிந்த நிலையில் ஷாக் நீளம் அதிகம் என்று அர்த்தம்.

பொதுவாக 25 மி.மீ. வரை இறக்கியதற்கு நல்ல வால்வுள்ள சாதாரண நீள ஷாக் தாங்கும். அதற்கு மேல் குட்டை உடல்தான் சரி. பில்ஸ்டீன் என்ற ஷாக் பிராண்டில் பி6 கம்பெனி உயரத்துக்கு, பி8 இறக்கிய காருக்கு. பெட்டியில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.

ஒற்றைக் குழாய் ஷாக்கில் எண்ணெயும் கேஸும் தனித்தனியாக இருப்பதால் சூட்டில் நுரைக்காது. ஆனால் பிஸ்டன் வெளிக்குழாயின் உட்சுவரிலேயே ஓடுகிறது. கல் தெறித்து உடல் நசுங்கினால் அது முடங்கிவிடும். செம்மண் சரளைச் சாலையில் அதிகம் ஓடும் காருக்கு கேஸ் நிரப்பிய இரட்டைக் குழாயே பொருத்தம் என்பது எங்கள் தீர்மானம்.

மாட்டும்போது ஒரு அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டாப் மவுண்ட் (ஷாக்கின் மேல்முனையைக் காரோடு பிணைக்கும் ரப்பர் தாங்கி), பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் எல்லாம் புதிது போடுங்கள். செம்மண் தூசி கிழிந்த கவர் வழியாகப் புகுந்து எண்ணெய் சீல் ரப்பரை அறுத்துவிடும். தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடிக்கவே விடாதீர்கள், ஒரு கீறல் போதும், எண்ணெய் கசியும். இரட்டைக் குழாயாக இருந்தால் நிமிர்த்தி வைத்து நான்கைந்து முறை முழுதாக அமுக்கி விரித்து, உள்குழாயில் புகுந்த காற்றை அதிலிருந்து வெளியேற்றிய பிறகு பூட்டுங்கள்.

ரப்பர் புஷ்களைப் பிடிக்கும் போல்டுகளைக் கார் தரையில் நின்று பாரம் ஏறிய பிறகே கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது முறுக்கினால் ரப்பர் திருகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். பிறகு சக்கர அலைன்மென்ட் பாருங்கள், ஹெட்லைட் உயரத்தையும் சரிசெய்யுங்கள்.